முதலில் கழிவது எண்ணெய்: மண்டைக்காட்டின் எரிபொருள் பேரேடு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், குளச்சலுக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கிறது மண்டைக்காடு. வெளியூர்க்காரர்களுக்கு இது பகவதி அம்மன் கோவிலும் மாசிக் கொடையும். உள்ளூர்க்காரர்களுக்கு இது நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறவர்கள், தென்னந்தோப்பு, சிறு கடைகள், பக்கத்தில் புதூர்க் கடற்கரையின் வள்ளங்கள். இவர்கள் எல்லாரும் ஒரே விலைக்குத்தான் எரிபொருள் வாங்குகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த விலையேற்றம் எல்லாரையும் ஒரே அளவில் அடிப்பதில்லை. யாருக்கு எவ்வளவு அடி, அதை யாரால் அடுத்தவர் தலையில் இறக்கிவைக்க முடிகிறது, யாரால் முடிவதில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

கணக்கின் காலம் 2020 மே முதல் 2025 ஏப்ரல் வரை. விலைகள் சென்னை விலைகள். எண்ணெய்க் கிடங்கிலிருந்து டேங்கர் வரும் தூரத்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெட்ரோலும் டீசலும் சென்னையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே கீழே வரும் செலவுகளைக் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும்.

1. விலைப் பட்டியல்

பெட்ரோல், ஒரு லிட்டர்:
2020 மே: ரூ. 75.54
2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 21 வரை: ரூ. 101.40
2022 ஏப்ரல் 6: ரூ. 110.85
2022 மே 22 முதல் 2024 மார்ச் 14 வரை: ரூ. 102.63
2025 ஏப்ரல்: ஏறத்தாழ ரூ. 100.80

டீசல், ஒரு லிட்டர்:
2020 மே: ரூ. 68.22
2022 ஏப்ரல் 6: ரூ. 100.94
2022 மே 22 முதல் 2024 மார்ச் 14 வரை: ரூ. 94.24
2025 ஏப்ரல்: ஏறத்தாழ ரூ. 92.39

வீட்டுச் சமையல் எரிவாயு, 14.2 கிலோ சிலிண்டர்:
2020 மே: ரூ. 569.50
2022 ஏப்ரல்: ரூ. 965.50
2023 மார்ச்: ரூ. 1,118.50
2023 ஆகஸ்ட் 30: ரூ. 918.50
2024 மார்ச்: ரூ. 818.50
2025 ஏப்ரல்: ரூ. 868.50

2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான 16 நாட்களில் பெட்ரோல் 14 முறை ஏறியது. அதற்கு முன் ஐந்து மாநிலத் தேர்தல் காலத்தை உள்ளடக்கி 137 நாட்கள் விலை அசையவே இல்லை. 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் தினசரி விலை நிர்ணயம் என்பது ஏட்டில் இருக்கும் விதி. நடப்பில் விலை ஏறும்போது தினமும் ஏறுகிறது, இறங்க வேண்டிய காலத்தில் மாதக்கணக்கில் நிற்கிறது.

2. ஒரு நாள் கூலி எவ்வளவு வாங்கும்?

ரூபாய்க் கணக்கு மட்டும் போதாது, ஏனென்றால் கூலியும் ஏறியிருக்கிறது. அளவுகோலாகத் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலியை எடுத்துக்கொள்ளலாம். அது அரசே அறிவிக்கும் கூலி. மண்டைக்காடு பேரூராட்சி என்பதால் ஊரகத்துக்கான அந்த வேலைத் திட்டம் இங்கே கிடையாது. ஆனாலும் மாநிலத்தின் அடித்தட்டுக் கூலி எந்த வேகத்தில் ஏறியது என்பதைக் காட்ட அதைவிடத் தெளிவான எண் இல்லை.

2020-21: கூலி ரூ. 256. மே மாத விலையில் 3.39 லிட்டர் பெட்ரோல். ஒரு சிலிண்டருக்கு 2.22 நாள் கூலி.
2022-23: கூலி ரூ. 281. ஏப்ரல் மாத உச்ச விலையில் 2.53 லிட்டர் பெட்ரோல். 2023 மார்ச்சில் ஒரு சிலிண்டருக்கு 3.98 நாள் கூலி.
2025-26: கூலி ரூ. 336. ஏப்ரல் மாத விலையில் 3.33 லிட்டர் பெட்ரோல். ஒரு சிலிண்டருக்கு 2.58 நாள் கூலி.

ஐந்து ஆண்டுகளில் கூலி 31 விழுக்காடு ஏறியிருக்கிறது, ஆனால் அந்தக் கூலி வாங்கும் பெட்ரோல் ஒரு சொட்டும் கூடவில்லை. நடுவில் கால் பங்கு பறிபோய், பிறகு பழைய இடத்துக்கு அருகே திரும்பி வந்திருக்கிறது. 2025 ஏப்ரலிலும் சிலிண்டர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2023 மார்ச்சில் கிட்டத்தட்ட நான்கு நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்குப் போயிற்று. உஜ்வலா இணைப்பு உள்ள குடும்பத்துக்கு ரூ. 300 மானியம் உண்டு. அவர்களுக்கு 2025 ஏப்ரல் கணக்கு 1.69 நாள் கூலி. மற்றவர்கள் முழு விலை கொடுக்கிறார்கள்.

3. விலைக்குள் இருப்பது என்ன?

கச்சா எண்ணெய் ஏறியதால்தான் பெட்ரோல் ஏறியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதையும் சரிபார்க்கலாம்.

2013-14இல் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 105.52 டாலர். 2024-25இல் 78.56 டாலர். டாலரில் பார்த்தால் கால் பங்கு குறைவு. ஆனால் 2013-14இல் ஒரு டாலர் ஏறத்தாழ 60 ரூபாய், 2024-25இல் 84 முதல் 85 ரூபாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். வகுத்துப் பார்த்தால் அன்று ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் 40 ரூபாயைச் சுற்றி, 2024-25இல் 42 ரூபாயைச் சுற்றி. வித்தியாசம் இரண்டு ரூபாய்க்குள். சென்னையில் பெட்ரோல் விலையோ அன்று ரூ. 75ஐ ஒட்டி இருந்தது, 2024-25இல் நூறைத் தாண்டியிருந்தது.

மீதி எங்கே? 2014இல் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு ரூ. 9.48. 2020 மே மாதம் அது ரூ. 32.98 ஆனது. அதற்கு முந்தைய ஏப்ரலில் கச்சா எண்ணெய் 19.90 டாலருக்கு விழுந்திருந்தது. லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட ஆகாத எண்ணெயின் பலன் பம்ப் வரை வரவில்லை, வழியிலேயே வரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்த பிறகு வரி ரூ. 19.90இல் நின்றது. 2025 ஏப்ரலில் மறுபடியும் 2 ரூபாய் ஏற்றப்பட்டது. சில்லறை விலை மாறாததால் அது பலர் கண்ணில் படவில்லை.

மாநில வரியும் ஏறித்தான் இருக்கிறது. 2017 மார்ச்சில் பெட்ரோல் மீதான மதிப்புக் கூட்டு வரி 27இலிருந்து 34 விழுக்காடானது. 2020 மே முதல் 15 விழுக்காடும் லிட்டருக்கு ரூ. 13.02ம் என்று முறை மாறியது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 3 ரூபாய் குறைத்தது. அதற்குப் பின் 13 விழுக்காடும் ரூ. 11.52ம். 2025 ஏப்ரலில் லிட்டருக்கு ரூ. 21 முதல் 22 வரை மாநிலத்துக்குப் போயிற்று. இரண்டு அரசுகளும் சேர்ந்து நூறு ரூபாயில் நாற்பதுக்கு மேல் எடுத்தன.

எண்ணெய் நிறுவனங்களின் கணக்கையும் நேர்மையாக எழுத வேண்டும். உக்ரைன் போர் தொடங்கிய 2022இல், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் ரூ. 21,201 கோடி நட்டம் கண்டன. 2023-24இல் அதே மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ரூ. 81,000 கோடி லாபம் ஈட்டின. அந்த ஆண்டு முழுவதும், மார்ச் நடுவில் வந்த இரண்டு ரூபாய்க் குறைப்பு வரை, பெட்ரோல் ரூ. 102.63இலேயே நின்றது. நட்டத்தை ஈடுகட்ட நேரம் வேண்டும் என்ற நியாயம் ஒரு கட்டம் வரைதான் செல்லும்.

4. வீட்டுக் கணக்கு

மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கடையிலோ பட்டறையிலோ வேலை பார்க்க பைக்கில் போய்வரும் ஒருவருக்கு மாதம் 25 நாள், 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் 22 லிட்டர். ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்று சமையலுக்கு வைத்துக்கொள்வோம்.

2020 மே: பெட்ரோல் ரூ. 1,662, எரிவாயு மாதத்துக்கு ரூ. 380, மொத்தம் ரூ. 2,042
2023 மார்ச்: பெட்ரோல் ரூ. 2,258, எரிவாயு ரூ. 746, மொத்தம் ரூ. 3,004
2025 ஏப்ரல்: பெட்ரோல் ரூ. 2,218, எரிவாயு ரூ. 579, மொத்தம் ரூ. 2,797

ஐந்து ஆண்டில் மாதச் செலவு ரூ. 755 கூடியிருக்கிறது. ஆண்டுக்கு ரூ. 9,060, அதாவது 2025-26இன் நூறு நாள் வேலைக் கூலியில் 27 நாள். பெட்ரோல் ஒரே விலையில் நின்ற அந்த 22 மாதங்களில் மட்டும், 2020 மே விலையோடு ஒப்பிட்டால், இந்த பைக்காரர் ரூ. 13,000க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

வரவுப் பக்கமும் உண்டு. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ. 888 மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ. 1,000 உரிமைத் தொகை வருகிறது. ரேஷன் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவை கிடைக்கும் வீட்டில் எரிபொருள் ஏற்றத்தின் 755 ரூபாய் ஈடாகிவிடுகிறது. தமிழ்நாட்டின் இந்தத் திட்டங்கள் இல்லாமல் போயிருந்தால் 2022ம் 2023ம் பல வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கும்.

உரிமைத் தொகை கிடைக்காத வீடு, பெண்கள் பேருந்தில் போகாத வீடு, ஆண் ஒருவர் பைக்கை நம்பியே பிழைக்கும் வீடு ஆகியவற்றுக்கு இந்த ஈடு இல்லை.

5. சந்தைக் கணக்கு

டீசல் ஏறினால் காய்கறி ஏறும் என்பது எல்லார் வாயிலும் வரும் பேச்சு. நெல் வயல்கள் வாழைக்கும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்ட இந்த மாவட்டத்துக்கு அரிசியும் காய்கறியும் ஆரல்வாய்மொழி கடந்து லாரியில்தான் பெருமளவு வருகின்றன. எனவே கவலை நியாயமானது. அளவு என்ன?

300 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 10 டன் காய்கறியோடு ஒரு லாரி நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு வருகிறது என்று கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர். வரும்போது 75 லிட்டர், காலியாகத் திரும்பினால் இன்னொரு 75. மொத்தம் 150 லிட்டர்.

2020 மே டீசல் விலையில்: ரூ. 10,233, கிலோவுக்கு ரூ. 1.02
2022 ஏப்ரல் உச்சத்தில்: ரூ. 15,141, கிலோவுக்கு ரூ. 1.51
2025 ஏப்ரலில்: ரூ. 13,859, கிலோவுக்கு ரூ. 1.39

டீசல் ஏற்றம் ஒரு கிலோ கத்தரிக்காயின் மீது நேரடியாக வைத்த சுமை உச்சத்தில்கூட 49 காசு. தக்காளி கிலோவுக்கு 20 ரூபாயிலிருந்து 80க்குப் போனால், அதற்கு மழையும் வரத்தும் காரணம், டீசல் அல்ல. உள்ளூர்ச் சுமை வண்டி, பெட்டி, இறக்குகூலி என்று இன்னும் சில காசுகள் கூடலாம். ஆனாலும் எரிபொருளைச் சொல்லிக் கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபாய் ஏற்றுவதற்குக் கணக்கில் ஆதாரம் இல்லை. நுகர்வோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. லாரிக்காரர் டீசல் ஏற்றத்தை வாடகையில் ஏற்றுகிறார். மொத்த வியாபாரி அதைச் சரக்கில் ஏற்றுகிறார். கடைக்காரர் விலைப் பலகையில் எழுதுகிறார். சுமை கைமாறிப் போகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் விலை இன்னும் கூடுதல். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டது. 2025 ஏப்ரலிலும் திருவனந்தபுரத்தில் பெட்ரோல் 107 ரூபாயைத் தாண்டியே நின்றது. மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து வரும் வேன்களுக்கும் கார்களுக்கும் களியக்காவிளையைத் தாண்டி டேங்க் நிரப்புவது லாபம். சரக்குக்குச் சாலையை மட்டும் நம்பாத காலமும் இங்கே இருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில், கடலோரமாகப் படகுப் போக்குவரத்துக்கென்றே ஏ.வி.எம். கால்வாய் இந்தப் பக்கம் வெட்டப்பட்டது. அது தூர்ந்துபோயிற்று, இன்று சரக்கு பெருமளவு சாலையில் டீசல் எரித்தே வருகிறது.

6. வள்ளக் கணக்கு

இனி இந்தப் பேரேட்டின் கனமான பக்கம். கடற்கரையில் மீன் ஏலத்தில் போகிறது. விலை சொல்பவர் வாங்குபவர். மண்ணெண்ணெய் பத்து ரூபாய் கூடிவிட்டது என்று எந்த வள்ளக்காரரும் சாளைக்கு விலை கூட்டிக் கேட்க முடியாது. அன்று கரையில் எவ்வளவு மீன் ஏறியது, எத்தனை வியாபாரிகள் வந்தார்கள் என்பதே விலை.

ஏலத் தொகை வந்ததும் முதலில் கழிவது எண்ணெய்ச் செலவு. பிறகு ஐஸ், சாப்பாடு, ஏலத் தரகு. மிஞ்சியதில்தான் வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, தொழிலாளிகளுக்கு ஒரு பங்கு. பங்கின் விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். எண்ணெய் முதலில் கழியும் வரிசை மாறாது.

வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய வள்ளங்களுக்குத் தமிழ்நாடு அரசு லிட்டர் 25 ரூபாய்க்கு மானிய மண்ணெண்ணெய் தருகிறது. ஆண்டுக்கு 3,400 லிட்டராக இருந்த அளவை 3,700 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். மாதத்துக்கு 308 லிட்டர்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு முறை கடலுக்குப் போய்வர 20 லிட்டர், மாதம் 20 முறை, மொத்தம் 400 லிட்டர். மானியம் போக மீதி 92 லிட்டரை வெளியில் 90 ரூபாய்க்கு வாங்குவதாக வைப்போம்.

மானிய மண்ணெண்ணெய் 308 லிட்டர்: ரூ. 7,700
வெளியில் வாங்குவது 92 லிட்டர்: ரூ. 8,280
மொத்தம்: ரூ. 15,980, ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ ரூ. 800

எரிபொருளில் 23 விழுக்காடே வெளியில் வாங்கியது. செலவில் 52 விழுக்காட்டை அதுவே தின்கிறது.

இப்போது ஒரு பயணத்தின் பங்கைப் பிரிக்கலாம். எண்ணெய் ரூ. 800, மற்றச் செலவு ரூ. 300. மிச்சத்தில் பாதி வள்ளத்துக்கு, பாதி மூன்று தொழிலாளிகளுக்கு.

ஏலம் ரூ. 3,000: மிச்சம் ரூ. 1,900, ஆளுக்கு ரூ. 317
ஏலம் ரூ. 2,000: மிச்சம் ரூ. 900, ஆளுக்கு ரூ. 150
ஏலம் ரூ. 1,200: மிச்சம் ரூ. 100, ஆளுக்கு ரூ. 17

ஏலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோது கூலி பாதிக்கும் கீழே விழுந்தது. பாடு குறைவான நாளில் விடிய விடியக் கடலில் கிடந்த உழைப்புக்குக் கையில் வருவது 17 ரூபாய். எஞ்சினுக்கு மீன் பட்டதா இல்லையா என்ற கவலை கிடையாது. அது குடிக்கிற எண்ணெய் இரண்டு நாளும் ஒன்றுதான். நட்டத்தின் முழுப் பாரமும் பங்கில் இறங்குகிறது. வள்ளக்காரரும் பெரும்பாலும் அதே வள்ளத்தில் போகும் தொழிலாளிதான். அவர் கையில் வருவது வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடனுக்குப் போகிறது.

400 லிட்டரும் 25 ரூபாய்க்குக் கிடைத்தால்? பயணத்துக்கு எண்ணெய்ச் செலவு ரூ. 500. மூன்று வகை நாட்களிலும் ஆளுக்கு 50 ரூபாய் கூடும்: 367, 200, 67. மாதம் 20 பயணத்தில் ஒரு தொழிலாளிக்கு ரூ. 1,000. மகளிர் உரிமைத் தொகைக்குச் சமமான தொகை அது. இந்த மாதிரியில் அரசுக்கு ஆகும் கூடுதல் செலவு வள்ளத்துக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 6,000.

விசைப்படகுகளின் கணக்கு வேறு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகவும், டீசல் எஞ்சின் நாட்டுப் படகுகளுக்கு 4,000இலிருந்து 4,400 ஆகவும் அதே மாநாட்டில் கூட்டப்பட்டன. லிட்டருக்கு 17 ரூபாய் வரி மிச்சம் என்று கொண்டால் விசைப்படகுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல், நாட்டுப் படகுக்கு 75 ஆயிரத்தை ஒட்டி. உதவி தேவையானதே. ஆனால் இது வரியை மட்டும் நீக்குகிறது. மாநில வரிக்கு முந்தைய விலை ஏறினால் அந்த ஏற்றம் முழுதும் படகின் மேல்தான்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த நாட்களுக்கான உதவித் தொகை 5,000இலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. நாளுக்கு 131 ரூபாய் கணக்கு.

மானியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் சாட்சி இருக்கிறது. இலங்கையில் 2022 ஆகஸ்ட் 22 அன்று மண்ணெண்ணெய் ஒரே அறிவிப்பில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நம்முடையவை போன்ற சிறு வள்ளங்களை ஓட்டுவது அதே மண்ணெண்ணெய். மேலே உள்ள மாதிரியில் எண்ணெய்ச் செலவை நான்கு மடங்காக்கினால் 3,000 ரூபாய் ஏலம் போன நாளிலும் பங்கு மிஞ்சாது.

7. கணக்கின் முடிவு

வீடு, சந்தை, வள்ளம் என்ற மூன்று பக்கங்களையும் கூட்டினால் வருவது இது. வீட்டு எரிபொருளின் ஏற்றத்தைத் தமிழ்நாட்டின் நலத்திட்டங்கள் பல வீடுகளில் ஈடுகட்டுகின்றன. சந்தையில் டீசலின் நேரடிச் சுமை கிலோவுக்கு அரை ரூபாய்தான், அதையும் வியாபாரம் கைமாற்றிவிடுகிறது. விலையேற்றத்தை யாரிடமும் கைமாற்ற முடியாதவர் கடலுக்குப் போகும் பங்குத் தொழிலாளி. அவருடைய கூலியிலிருந்துதான் எண்ணெய் முதலில் கழிகிறது.

எனவே மூன்று கோரிக்கைகள். மாநில அரசு மானிய மண்ணெண்ணெயின் அளவை ஆண்டுக்கு 3,700 லிட்டர் என்று ஒரே எண்ணில் நிறுத்தாமல், வள்ளங்கள் உண்மையில் கடலுக்குப் போகும் நாட்களைக் கணக்கெடுத்து அதற்கேற்ப உயர்த்த வேண்டும், மாதந்தோறும் தடையின்றி வழங்க வேண்டும். மத்திய அரசு கச்சா எண்ணெய் விழும்போது வரியைக் கூட்டும் வழக்கத்தை விட்டு, இறக்கத்தில் எவ்வளவு பங்கு மக்களுக்கு என்பதை விதியாக எழுதி வெளியிட வேண்டும். தினசரி விலை நிர்ணயம் என்றால் இறங்குமுகத்திலும் தினசரி நடக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு சொல். அடுத்த முறை எரிபொருள் விலை மாறும்போது உங்கள் வீட்டின் லிட்டரையும் சிலிண்டரையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கரையில் மீன் வாங்கும்போது பேரம் பேசும் கடைசிப் பத்து ரூபாய் எண்ணெய்க்குப் போவதில்லை, எண்ணெய் ஏற்கெனவே கழிந்தாயிற்று. அது ஒருவருடைய கூலி.